எண்பது போதும்

உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தபடியேதான் ரமாபாய் தொட்டிலை நெருங்குவார். கிருமிநாசினி காய்ந்துபோன பிறகும் தேய்ப்பு நிற்காது. மற்றவர்கள் கிருமிக்காகத் தேய்க்கிறார்கள். இவர் சூட்டுக்காகவும் தேய்க்கிறார். குளிரூட்டிய அறையில் சில்லிட்ட கையால் தொட்டால் குழந்தையின் கால் எதையும் சொல்லாது என்பது அவர் கட்சி. கை சுட்டதும், போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி, தன் நடுவிரல் நீளமே உள்ள ஒரு பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வார். தலைமாட்டுத் திரையில் பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் திரும்பமாட்டார். "டீவிய அப்பால பாத்துக்கலாம். மொதல்ல வாத்தியார் இன்னா சொல்றார்னு கேப்போம்."

வாத்தியார் என்பது குழந்தை. பிறந்து ஐந்து நாளோ பத்து நாளோ ஆகியிருக்கும். பெயர் வைத்திருக்கமாட்டார்கள், மணிக்கட்டு நாடாவில் இன்னாரின் குழந்தை என்று அம்மாவின் பெயர் மட்டும் இருக்கும். ஆண், பெண் பேதமில்லாமல் எல்லாரும் ரமாபாய்க்கு வாத்தியார்தான். "இன்னா வாத்தியாரே, நல்ல தூக்கமா?" "கொஞ்சம் பொறுத்துக்க வாத்தியாரே, சின்ன ஊசி, எறும்பு கடிக்கிற மாரிதான்." இப்படி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். வாயில் குழாய் செருகிய குழந்தைகள் பதில் பேசுவதில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும், பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுதான் அடுத்ததைக் கேட்பார்.

அது குழந்தைகளுக்கு இதய அறுவைசிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடி. ராயபுரத்தில், கடலுக்கு ஒரு தெரு உள்ளே. ஆறு தொட்டில்கள். கிழக்கே திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஜன்னல். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொள்ள, துறைமுகத்தின் கிரேன்கள் எதன்மேலும் நிற்காமல் மிதந்துகொண்டிருக்கும். உள்ளே ஆறு சுவாச இயந்திரங்கள் ஏறி இறங்கும் சத்தம், கரையில் புரளும் அலையைப் போலவே இருக்கும். புதிதாக வந்த செவிலியர்களுக்கு அந்த நேரத்தில் கண் சொக்கும். மூத்த செவிலியான ரமாபாய்க்கு அப்போதுதான் காது திறக்கும்.

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் பிறந்து, கல்யாணமாகி அடுத்த பிளாக்கின் மூன்றாம் மாடிக்குப் போனவர். நாற்பத்தேழு வயது. அந்தத் தலைமுறையில் அங்கே தெருவுக்கு மூன்று ரமாபாய் உண்டு என்பதால், இவரை "ஹார்ட்டு ரமாபாய்" என்று அடையாளம் சொல்வார்கள். கணவர் சுப்பராயன் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை ஃபுட்பால் மாட்ச்சுகளுக்கு விசில் ஊதுபவர். இவரும் போய்க் கோட்டுக்கு வெளியே நிற்பார். கோல் விழுந்து மைதானமே கத்தும்போது, ஓடிக் களைத்துக் குந்தியிருக்கும் ஆட்டக்காரனின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், நீலம் ஓடியிருக்கிறதா என்று. பேருந்திலும் அப்படித்தான். பக்கத்து இருக்கையில் யாராவது மடியில் குழந்தையைக் கிடத்தித் தூங்கினால், இவர் கை தானாகப் போய் அதன் பாதத்தைத் தொடும். தாய் விழித்து முறைத்தால், "ஒண்ணியும் இல்லம்மா, நல்லா சூடா கீது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

குறிப்பேட்டில் ஆங்கிலம் முத்து முத்தாக எழுதுவார். வாயைத் திறந்தால் சுத்த வியாசர்பாடி. ஒருமுறை வார்டைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரி ஒருவர், பெற்றோர்களிடம் கொஞ்சம் நல்ல தமிழில் பேசக்கூடாதா என்று கேட்டார். ரமாபாய்க்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே யோசித்தார். "நல்ல தமிழ்ல சொன்னா தலையாட்டிட்டுப் பூடுவாங்க சார். இந்தத் தமிழ்ல சொன்னா திருப்பிக் கேள்வி கேப்பாங்க" என்றார்.

அவரிடம் வரும் குழந்தைகளில் சிலருக்கு, இதயத்தில் இரண்டு பம்புகளுக்குப் பதில் ஒன்றுதான் வேலை செய்யும். அந்த ஒன்றே நுரையீரலுக்கும் அனுப்ப வேண்டும், உடம்புக்கும் அனுப்ப வேண்டும். நுரையீரலுக்குப் போகும் இயற்கையான வழி அடைத்திருந்தால், கைக்குப் போகும் ரத்தக் குழாயிலிருந்து ஒரு சின்னக் குழாயை இணைத்து வழி உண்டாக்குவார்கள். ஜூஸ் டப்பாவோடு வரும் ஸ்ட்ராவின் அகலம்தான் இருக்கும். குழந்தை வளர்ந்து அடுத்த அறுவைசிகிச்சைக்குத் தயாராகும்வரை உயிர் அந்த ஸ்ட்ராவுக்குள் ஓடும். குறைவாக ஓடினால் குழந்தை நீலம் பாரிக்கும். அது யார் கண்ணுக்கும் தெரியும். அதிகமாக ஓடினால் குழந்தை ரோஜா நிறமாகிவிடும். ரமாபாய் பயப்படுவது அந்த ரோஜா நிறத்துக்குத்தான். நுரையீரல் வெள்ளத்தில் மூழ்க, குடலும் சிறுநீரகமும் காலும் வறண்டுகொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குக் குழந்தை அழகாகத் தெரியும்.

நமக்கெல்லாம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு நூற்றை ஒட்டி நிற்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு எண்பதை ஒட்டி நின்றால்தான் இரண்டு பக்கமும் நியாயமாகப் போகிறது என்று பொருள். "எண்பது போதும். பேராசப்படாத வாத்தியாரே" என்று தொட்டிலுக்குள் குனிந்து சொல்வார்.

ரமாபாய்க்கு ஒரு கனவு வரும். வியாசர்பாடித் தெருக்களில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மழையில்லை, சாக்கடையில்லை, அடியில் தரை தெரியும் தெளிந்த தண்ணீர், எங்கிருந்தோ வெளிச்சம் பட்டு மினுங்கும். அதில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருப்பார். ஒரு தெருவில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மூலை திரும்பினால் சட்டென்று குளிரும். குளிர்ந்த இடத்தில் நின்று, குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு எதையோ துழாவுவார். என்ன என்று தெரிவதற்குள் விழிப்பு வந்துவிடும். "மழைக்கு மழ வூட்டு வாசல்ல தண்ணி நிக்கிதில்ல, அத்தப் பாத்துப் பாத்து வந்த கனவு" என்பார் சுப்பராயன். "அது கலீஜு தண்ணி. இது வேற" என்பார் இவர்.

அந்தக் கனவுக்குப் பதினெட்டு வயது. அப்போது வேறொரு ஊரில் வேலை. இதே மாதிரி ஸ்ட்ரா வைத்த ஒரு பெண் குழந்தை. மாலையில் திரையில் தொண்ணூற்று நான்கு காட்டியது. இருபத்தொன்பது வயது ரமாபாய் வெளியே ஓடிப்போய், "தொண்ணூத்தி நாலும்மா! சூப்பரா கீது!" என்று அதன் தாயிடம் சொன்னார். அந்தத் தாய் சிரித்து, இவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை தொட்டில் காலியாக இருந்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எல்லார் கண்ணுக்கும் அது நல்ல எண்ணாகத்தான் பட்டது. தாய் பின்னிக் கொடுத்த மஞ்சள் காலுறையைக் குழந்தைக்கு மாட்டிவிட்டது ரமாபாய்தான். மாட்டிய பிறகு உள்ளே விரலை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

போன மாசியில் புஷ்பவல்லியின் குழந்தை வந்தது. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துப் பெண், இருபத்துமூன்று வயது, மீன் விற்பவள். கணவன் ரகுபதி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். தலைப்பிள்ளை. பிறந்த ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, ஸ்ட்ரா வைத்தார்கள். செவ்வாய் காலையில் எண் எண்பத்திரண்டு.

செவ்வாய் பிற்பகல் இரண்டு மணிக்கு ரமாபாய் வேலைக்கு வந்தபோது, வார்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ரகுபதி முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். இவரைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்தினான். காதில் போன். "தொண்ணூத்தி மூணு மச்சான்! தொண்ணூத்தி மூணு! அல்லாருக்கும் சொல்லிடு. பாஸுன்னு சொல்லு!"

ரமாபாய் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனார். குழந்தை மல்லாந்து கிடந்தது. கன்னம், உதடு, நெற்றி எல்லாம் ரோஜா. காலண்டர் குழந்தை மாதிரி இருந்தது. போர்வையைத் தூக்கினார்.

பாதம் குளிர்ந்திருந்தது. கெண்டைக்கால் குளிர்ந்திருந்தது. முழங்காலுக்கு மேலேதான் குழந்தை தொடங்கியது. பெருவிரலை லேசாக அழுத்திவிட்டு எடுத்தார். வெள்ளையாக விழுந்த தடம் சிவக்கும்வரை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இரண்டுக்குள் சிவந்திருக்க வேண்டும். குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு எழுதிய கோட்டிலேயே நின்றிருந்தது. அதன் பிறகுதான் திரையைப் பார்த்தார். ரத்த அழுத்தத்தின் கீழ் எண் இருபத்திரண்டு, முப்பதுக்கு மேல் இருக்க வேண்டியது. ரத்தம் இதயத்தை விட்டு வெளியே வந்ததும், தடையில்லாத பக்கமாக எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், வாத்தியார் கால் ஐஸா கீது."

மருத்துவர் அத்னான் நாற்பதை நெருங்குபவர். பெரியவர்களின் இதயப் பிரிவில் பத்து வருடம் இருந்துவிட்டு, இங்கே வந்து மூன்று வாரம். "சாச்சுரேஷன் தொண்ணூத்தி மூணு இருக்கே சிஸ்டர், நல்லாத்தானே..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, குனிந்து அந்தக் காலைத் தானும் தொட்டார். உடனே ரத்தம் எடுத்து இயந்திரத்தில் போட்டார். ஒரு நிமிடத்தில் சீட்டு வந்தது. லாக்டேட் ஆறு. பட்டினி கிடக்கும் உடம்பு ரத்தத்தில் விடும் புளிப்பு அது. காலையில் இரண்டாக இருந்தது.

"நுரையீரல் எல்லாத்தையும் குடிக்குது" என்றார் அத்னான்.

"ஆமா சார்."

அறுவைசிகிச்சை நிபுணர் எழில்மொழி அப்போது கீழே தியேட்டரில் வேறொரு குழந்தையின் மார்பைத் திறந்து வைத்திருந்தார். ஸ்பீக்கர் போனில் அவர் குரல் மட்டும் வந்தது. "ஆக்ஸிஜனைச் சாதாரணக் காத்து அளவுக்கு இறக்குங்க. மூச்சு எண்ணிக்கையைக் குறைங்க, கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம் ஏறட்டும். நுரையீரல் குழாய் சுருங்கட்டும். நான் முடிச்சதும் வரேன். பத்தலைன்னா கிளிப் போட்டுடலாம்."

அத்னான் சுவாச இயந்திரத்தின் முன்னால் நின்றார். திருகில் விரல் வைத்தார். எடுத்தார். "பத்து வருஷமா, மோசமா இருக்கிற பேஷண்டுக்கு ஆக்ஸிஜன ஏத்தித்தான் சிஸ்டர் எனக்குப் பழக்கம். எல்லாம் படிச்சதுதான். கை போகமாட்டேங்குது."

"நீங்க திருப்புங்க சார்" என்றார் ரமாபாய். "நா கால புட்ச்சிகினு கீறேன்."

அவர் திருப்பினார். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஒன்று ஆயிற்று. பிறகு தொண்ணூறு. எண்பத்தொன்பது. ரமாபாய் இரண்டு பாதங்களையும் ஒரே கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இயந்திரம் இப்போது நிதானமாக மூச்சுவிட்டது; அலை உள்வாங்கிய கடல்போல இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டது.

கண்ணாடி அதிர்ந்தது. ரகுபதி இரண்டு கைகளாலும் அறைந்துகொண்டிருந்தான். பக்கத்துத் தொட்டில் செவிலி ஷாலுவைக் கூப்பிட்டுப் பாதங்களை ஒப்படைத்துவிட்டு ரமாபாய் வெளியே வந்தார்.

"இன்னா சிஸ்டரு, எறங்கிகினே போவுது! அந்த டாக்டரு கைய வச்சாரு, எறங்குது! நா பாத்துகினுதான் கீறேன்!"

"நாந்தான் நைனா எறக்கச் சொன்னேன்."

அவன் கண்ணாடியை விட்டுத் திரும்பினான்.

"உங்க தெருவுல குழாத்தண்ணி வருதா?" என்று கேட்டார் ரமாபாய்.

"இப்ப அதுக்கு இன்னா?"

"சொல்லேன்."

"வருது. காலைல ஒரு மணி நேரம்."

"மொத வூட்டுக்காரன் மோட்டாரு போட்டு இஸ்துகினா?"

"கடேசி வூட்டுக்குச் சொட்டு வராது. எங்க வூடுதான் கடேசி. தெனம் சண்ட."

"அதேதான். உன் புள்ள ஒடம்புல நொரையீரலு மொத வூடு. அவன் மோட்டாரு போட்டுகினான். அவன் வூடு ரொம்பி வழியுது, அதான் தொண்ணூத்தி மூணு. காலு, கொடலு, கிட்னி அல்லாம் கடேசி வூடு. அங்க சொட்டு இல்ல. நாங்க மோட்டார நிறுத்திகினு கீறோம்."

"ஏறுனா நல்லதுன்னு ஊரே சொல்லுது. நீ எறங்குனா நல்லதுன்ற." அவன் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பினான். "படிக்காதவன்னு வெளாடுறியா? எண்பத்தி எட்டு... அத்தப் பாரு, எண்பத்தி ஏழு!"

சுவரோரம் தரையில் புஷ்பவல்லி உட்கார்ந்திருந்தாள். கறந்து வைத்த பால் இருந்த சின்னப் புட்டியை முந்தானையில் பொத்தி வைத்திருந்தாள். அப்படியே எழுந்தாள். "அக்கா, நா தொட்டுப் பாக்கட்டா?"

ரமாபாய் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். கையைக் கழுவவைத்து, மேலங்கி மாட்டி, அவள் உள்ளங்கைகளைத் தன் கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். ஷாலு விலகிக்கொண்டாள். புஷ்பவல்லி மகனின் பாதத்தைப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். இன்னொரு கையை அவன் நெற்றியில் வைத்தாள். தினமும் விடியலில் ஐஸ் பெட்டிக்குள் கையை விடுகிறவள். அவளுக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தல சுடுது. காலு ஐஸ்ல கெடந்த மீனு மாதிரி கீதுக்கா" என்றாள். அழவில்லை.

வெளியே போய்ப் புருஷனின் சட்டையைப் பிடித்துக் கண்ணாடியிலிருந்து இழுத்தாள். "அந்த டீவி பொய் சொல்லுதுய்யா. நா தொட்டேன். அவங்க சொல்றத கேளு." ரகுபதி அவள் முகத்தையே பார்த்தான். பிறகு சுவரில் சரிந்து அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். கண்ணாடியில் அவன் பத்து விரல்களின் தடம் மட்டும் வேர்வையாக நின்றது.

எண்பத்தாறில் எண் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை. சிறுநீர்ப் பை அசையவில்லை. ஐந்து மணிக்கு எழில்மொழி ஈரக் கையோடு வந்தார். காலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மூன்றே வார்த்தை சொன்னார். "ஸ்ட்ரா இவனுக்குப் பெரிசு." குழந்தையைத் தொட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அரிசி மணி அளவுக்கு ஓர் உலோகக் கிளிப்பை அந்தக் குழாயின்மேல் வைத்து, ஒரு பக்கமாக அழுத்தி, வழியைக் கொஞ்சம் ஒடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் குறைந்தால் செய்ததே வீண்.

தொட்டில் போன இடத்தில் தரை சதுரமாக வெறிச்சென்று கிடந்தது. ரமாபாய் அதன் ஓரத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தார். துறைமுகத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. கடல் இருந்த இடத்தில் வெறும் மூட்டம். அதற்குள் ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாமல் தெரிந்தது. ஐந்து இயந்திரங்களின் மூச்சு அறைக்குள் புரண்டது. காலுக்குக் கீழே தரை சில்லிடுவதுபோல இருந்தது. கனவில் மூலை திரும்பினால் வரும் அதே குளிர். கண் திறந்துதான் இருந்தது. மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று தண்ணீருக்கடியில் கிடப்பதாகத் தோன்றிற்று. குனியப் போனவரை லிஃப்ட் கதவின் சத்தம் நிமிர்த்தியது.

நாற்பது நிமிடத்தில் தொட்டில் திரும்பி வந்துவிட்டது. எண் எழுபத்தேழு. குழந்தையின் உதட்டில் ரோஜா போய், நாவற்பழச் சாயல் லேசாக ஏறியிருந்தது. கீழ் அழுத்தம் முப்பத்தாறு. "இனி உங்க வேலை" என்று எழில்மொழி ரமாபாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடினார்.

சூடு மேலிருந்து கீழேதான் வரும். ஆறரை மணிக்கு முழங்காலைத் தாண்டியது. ரமாபாய் புறங்கையை வைத்து வைத்து அந்தக் கோடு எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொண்டே வந்தார். கெண்டைக்காலில் பாதிவரை. கணுக்கால். குதிகாலில் வெகுநேரம் நின்றது. வெயில் ஏறும்போது நிழல் சுவரிலிருந்து தரைக்கு இறங்குமே, அவ்வளவு மெதுவாக. ஏழேகால் மணிக்கு, பட்டாணியைவிடச் சின்னதான கடைசி விரல் அவர் விரலுக்கடியில் வெதுவெதுத்தது. அதே நேரத்தில் குழாயில் மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, ஓடியது. பின்னாலேயே இன்னொன்று.

"வாத்தியார் ஒண்ணுக்குப் போய்ட்டார்!" என்றார் ரமாபாய், வார்டுக்கே கேட்கும்படி. அத்னான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

வெளியே ரகுபதி எழுந்து வந்து மறுபடி கண்ணாடியருகே நின்றான். திரையில் எண்பது. அவன் எட்டு விரல்களை நீட்டிக் காட்டி, பிறகு முஷ்டியை மடக்கி, புருவத்தை உயர்த்தினான். ரமாபாய் தலையை ஆட்டினார். அவன் போனை எடுத்தான். "எண்பது மச்சான். எண்பது. கம்மி இல்லடா, இன்னாத்த கம்மி? எண்பது போதும். ஜாஸ்தி ஆனாதான் பேஜாரு. மோட்டாரு மேட்டரு, வந்து சொல்றேன்."

அந்த வாரமும் கனவு வந்தது. காலையில் டீயோடு வந்து உட்கார்ந்த சுப்பராயன் மனைவியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "அதே தண்ணியா?"

"அதேதான்" என்றார் ரமாபாய். "ஆனா இந்தத் தபா நிக்கல. ஓடிகினு இருந்துச்சு."

குழந்தை மூச்சுக் குழாயிலிருந்து விடுபட்டது, பால் இழுத்துக் குடித்தது, ஒரு நாள் காய்ச்சல் கண்டு எல்லாரையும் மிரட்டியது, தேறியது. புஷ்பவல்லி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். தினம் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது, விரலில் மாட்டும் கருவியில் எண் பார்ப்பது, எழுபத்தைந்துக்குக் கீழே போனாலும் தொண்ணூறைத் தொட்டாலும் உடனே போன் செய்வது, பால் குடிக்கையில் வேர்க்கிறதா என்று கவனிப்பது. ஐந்து மாதத்தில் அடுத்த அறுவைசிகிச்சை. அதற்குப் பிறகும் ஒன்று. அதுவரை அந்த ஸ்ட்ராவும் கிளிப்பும் தாங்க வேண்டும். தாங்கும் என்று ரமாபாய் சொல்லவில்லை. அப்படி எதையும் அவர் யாருக்கும் சொல்வதில்லை. "இன்னிக்கு நல்லா கீறான்" என்றார். "நாளையத நாளைக்குப் பாத்துக்கலாம்."

பங்குனி பிறந்து நான்காம் நாள் பிற்பகல், வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் லிஃப்டில் இறங்கிப்போன பிறகுதான், மருந்துச் சீட்டு மேசையிலேயே கிடப்பதை ரமாபாய் பார்த்தார். எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினார்.

வாசலுக்கு எதிரே துறைமுகச் சாலை. ரகுபதியின் சிநேகிதன் ஆட்டோவை மறுபுறம்தான் நிறுத்த முடிந்திருந்தது. திரும்பி வர மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். எந்நேரமும் வரிசையில் தூங்கி வழிபவை, அன்றைக்குக் கேட் திறந்துவிட்டதால் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியில்லாமல் உருண்டு வந்துகொண்டிருந்தன. புழுதி மாலை வெயிலில் பொன்னாக நின்றது. சாலையோரத்தில் புஷ்பவல்லி, துண்டில் பொதிந்த குழந்தையைத் தோளில் சார்த்தி, முந்தானையால் மூடிக்கொண்டு நின்றிருந்தாள். ரகுபதி இரண்டடி இறங்குவதும் ஹாரனுக்குப் பயந்து பின்வாங்குவதுமாக இருந்தான். கால் மணி நேரமாக அப்படித்தான் நிற்கிறார்களாம்.

ரமாபாய் சீட்டை ரகுபதியின் சட்டைப்பையில் செருகினார். வார்டுக்குள் போடும் ரப்பர் செருப்போடு, நீலச் சீருடையோடு, ஐந்தடிகூட இல்லாத அந்த உருவம் சாலைக்குள் இறங்கி, வந்துகொண்டிருந்த நாற்பதடி லாரிக்கு நேரே நின்று, வலது கையை உயர்த்தி விரித்துக் காட்டியது.

லாரி பெருமூச்சுவிட்டு நின்றது. அதன் பின்னால் அடுத்தது நின்றது. அதற்குப் பின்னால் அடுத்தது. நிற்கும் சத்தம் ஒவ்வொன்றாக வரிசையின் கடைசிவரை போயிற்று. முதல் லாரியின் டிரைவர் தலையை நீட்டி ஏதோ வசவைத் தொடங்கியவர், துண்டிலிருந்து வெளியே நீண்டிருந்த சின்னக் கையைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு இன்ஜினையும் அணைத்தார். அந்த அமைதியில் புஷ்பவல்லி அவசரமில்லாமல் நடந்து கடந்தாள். ஆட்டோ கிளம்பியது. எண்ணூர்ப் பக்கம் திரும்பிச் சிறுத்து, பொன்புழுதியில் கரைந்து, எது ஆட்டோ எது வெயில் என்று தெரியாமல் போயிற்று.

ரமாபாய் கையை இறக்கவில்லை.